ரிப்பேர் முகாம், பாத்திர வங்கி, உரத்தொட்டி: ஆரம்பிக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் நாங்கள் ஏழெட்டுப் பேர். ஒரு பொருளைக் குப்பைக்கு அனுப்பாமல் இன்னும் கொஞ்ச காலம் புழக்கத்தில் வைத்திருக்கிற சின்னச் சின்ன வேலைகளைத் தெருவிலோ ஊரிலோ ஆரம்பிக்கிறவர்களுக்குக் கைகொடுக்கிறோம். எங்களுக்கு ஆபீஸ் கிடையாது, போர்டு கிடையாது. போனில் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. முதல் வருஷத்தில் இருப்பவர்களுக்கும், அவர்களுக்கு உதவ நினைப்பவர்களுக்கும் இது.

சுழற்சிப் பொருளாதாரம் என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டுக் காலி பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டு வருவோம். அது சோடா கம்பெனிக்குப் போகும், கழுவி நிரப்பி மறுபடி அதே கடைக்கு வரும். பாட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும், குப்பைக்குப் போகாது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம், பித்தளைக்கு ஈயம் பூசுவது எல்லாமே இந்தக் கணக்குதான். பெயர்தான் புதுசு.

ஆனால் "நம்ம தாத்தா பாட்டி செய்யாததா" என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. தாத்தா காலத்து மின்விசிறியைத் திருப்புளி ஒன்றை வைத்துக் கழற்றிவிடலாம். இன்று வாங்கும் பல பொருட்கள் ஒட்டி மூடி வருகின்றன. ரிப்பேர் கூலியும் புதுப் பொருளின் விலையும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. அதனால் பழைய வழக்கம் தானாகத் திரும்பி வராது. யாராவது உட்கார்ந்து ஏற்பாடு செய்தால்தான் உண்டு.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு உங்கள் ஏரியாவை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். காயலான் கடை எங்கே, மிக்ஸி ரிப்பேர் யார் செய்கிறார், வாடகைப் பாத்திரக் கடையில் என்ன கிடைக்கிறது, கிழிந்த துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் தையல்காரர் இன்னும் இருக்கிறாரா என்று பார்த்து எழுதுங்கள். இவர்கள்தான் உங்கள் ஊரின் சுழற்சிப் பொருளாதாரம். நீங்கள் இரண்டாவதாக வருகிறீர்கள்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. எங்களுக்குத் தெரிந்த ஒரு குழு, தெருவில் பழைய பேப்பரும் அட்டையும் இலவசமாக வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தது. நல்ல பையன்கள், நல்ல நோக்கம். இரண்டு மாதத்தில், வருஷக்கணக்காக அந்தத் தெருவுக்குத் தள்ளுவண்டியில் வந்துகொண்டிருந்தவர் வருவதை நிறுத்திவிட்டார். ஐந்தாவது மாதம் பையன்களுக்குப் பரீட்சை வந்தது, வேலை நின்றது. பேப்பர் கட்டுகள் வாசலில் கிடந்து மழையில் நனைந்தன. வண்டிக்காரர் அதற்குள் வேறு ஏரியாவுக்குப் போயிருந்தார்.

புனேயில் இதை வேறு விதமாகச் செய்தார்கள். அங்கே குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் 1993-இல் தங்களுக்கென ஒரு தொழிற்சங்கம் அமைத்தார்கள். அதிலிருந்து பிறந்த 'ஸ்வச்' கூட்டுறவு, 2008-இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை வாங்கும் வேலையை எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே அந்த வேலையில் இருந்தவர்களை ஒதுக்காமல், அவர்களையே உரிமையாளர்களாக்கினார்கள். உங்கள் தெரு அளவில் இதன் பொருள் எளிது: வண்டிக்காரரின் போன் நம்பரை வாங்கி, எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வருவார் என்று எல்லா வீட்டுக்கும் சொல்லுங்கள். செலவே இல்லாத முதல் திட்டம் அது.

முதலில் எவ்வளவு பணம் வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவு. ரிப்பேர் முகாமுக்கு மின்சாரத்தை அளந்து பார்க்கும் மல்டிமீட்டர் ஒன்று, திருப்புளி செட், நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று, பிறகு டீ. ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். உரத்துக்கு ஓட்டை போட்ட பழைய டிரம் நான்கு போதும். விசேஷ வீடுகளுக்குப் பாத்திரம் கொடுத்து வாங்கும் பாத்திர வங்கிக்கு மட்டும்தான் கொஞ்சம் கூடுதலாகும். அதையும் இரவல் பாத்திரத்தில் ஆரம்பிக்கலாம்.

பணத்தைவிட முக்கியமானவை மூன்று. பூட்டு போடக்கூடிய ஓர் இடம், மாறாத ஒரு நாள், எழுதிவைக்க ஒரு நோட்டு. கோவில் மண்டபத்தின் பக்கத்து அறை, நூலகத்துத் திண்ணை, யாராவது வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடம், எதுவானாலும் சரி. மாறாத நாள் என்றால் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை பத்து மணி என்பதுபோல. முதல் முகாமுக்கு நான்கு பேர் வந்தாலும் இரண்டாவதை அதே நாளில் நடத்துங்கள். "கூட்டம் சேரட்டும், அப்புறம் வைக்கலாம்" என்றவர்கள் யாரும் அப்புறம் வைத்ததை நான் பார்த்ததில்லை.

ரிப்பேர் முகாமில் என்ன நடக்கும்? நாங்கள் யாரும் எலக்ட்ரீசியன் இல்லையே.

2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் தொடங்கியதுதான் 'ரிப்பேர் கஃபே'. பழுதான பொருளைக் கொண்டுவந்தவர் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது, பழுது பார்ப்பவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தானும் கைவைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். உலகம் முழுக்க இன்று ஆயிரக்கணக்கில் நடக்கிறது. அங்கே எல்லோரும் தன்னார்வலர்கள். நாங்கள் அதில் ஒன்றை மாற்றிக்கொண்டோம். ரிப்பேர்தான் ஒருவருக்குப் பிழைப்பு என்றால் அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு வருகிற மனிதரிடம் இலவசமாகச் செய்யச் சொல்வது சேவை ஆகாது.

எலக்ட்ரீசியன் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஆனால் வருவதில் பாதிக்கு அவர்கூடத் தேவைப்படாது. எங்கள் முதல் முகாமுக்கு வந்த முதல் பொருள் ஒரு மிக்ஸி. "செத்துப்போச்சு தம்பி, ரெண்டு மாசமாச்சு" என்று ஓர் அம்மா கட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். மெக்கானிக் அதைக் கவிழ்த்து, அடியில் இருந்த சின்ன சிவப்புப் பட்டனை ஒரு அழுத்து அழுத்தினார். ஓடியது. மாவு கெட்டியாக அரைத்தால் மோட்டார் சூடேறி எரிந்துவிடாமல் இருக்க அந்தப் பட்டன் தானாக வெளியே வந்துவிடும். திரும்ப அழுத்தினால் போதும். அந்த அம்மா சிரிக்கவில்லை. "இதுக்கா புது மிக்ஸிக்குச் சீட்டுக் கட்டிக்கிட்டிருக்கேன்" என்றார்.

அடுத்து அதிகம் வருவது மெதுவாகச் சுற்றும் ஃபேன். பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும். 2.5 மைக்ரோஃபாரட் அளவு ஒன்று வாங்கி மாற்றினால் தீர்ந்தது, காபிச் செலவுதான். மிக்ஸியில் ஜார் பிளேடைச் சுழற்றும் கப்ளர், அயர்ன் பாக்ஸில் பிளக் பக்கத்தில் மடங்கி மடங்கி அறுந்த ஒயர், குடையில் கம்பி, பேன்ட்டில் ஜிப். மூன்று முகாம் நடத்தினால் எந்த உதிரிப் பாகத்தை வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று நோட்டே சொல்லிவிடும்.

தொடக் கூடாதவையும் உண்டு. மைக்ரோவேவ் அடுப்பைப் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் திறக்கக் கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தேங்கி நிற்கும். கேஸ் அடுப்பின் வால்வு, ரெகுலேட்டர், ட்யூப் பக்கம் போகாதீர்கள். செல்போன் பேட்டரி உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ வேண்டாம். சரிசெய்ய முடியாத மின்னணுப் பொருளை நீங்களே பிரித்து விற்கவும் வேண்டாம். அதற்கென அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களிடம் கொடுத்துவிடுங்கள்.

பாத்திர வங்கிக்குத் தட்டு எத்தனை வாங்குவது?

டம்ளரை வாங்குங்கள். இது நாங்கள் கைக்காசு போட்டுக் கற்ற பாடம். ஆரம்பத்தில் 300 எவர்சில்வர் தட்டு வாங்கினோம். ஊரில் விசேஷம் என்றால் வாழையிலை போடுகிறார்கள், தட்டை யார் கேட்பார்? கேட்டதெல்லாம் டம்ளரும், பாயசக் கிண்ணமும், தண்ணீர் ஜக்கும்தான். குப்பை சேர்வதும் அங்கேதான். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தெர்மாகோல் தட்டு, தண்ணீர் பாக்கெட் எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனால் பந்தியில் இலைக்கு ஒன்றாக வைக்கும் சின்னத் தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு கல்யாணத்துக்கு எத்தனை பாட்டில் என்று நீங்களே பெருக்கிப் பார்க்கலாம். தட்டுகள் பிறகு கோவில் அன்னதானத்துக்கும் மாலை டிபனுக்கும் போக ஆரம்பித்தன. ஆறு மாதம் சும்மா கிடந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வாடகைப் பாத்திரக் கடைக்காரரைப் போட்டியாளராக்கிவிடாதீர்கள். அவர் அண்டாவும் சாம்பார் வாளியும் வாடகைக்கு விடட்டும். அவரிடம் இல்லாததை நீங்கள் வைத்திருங்கள். எங்கள் டம்ளர்கள் இப்போது அவர் கடையில்தான் இருக்கின்றன. எடுத்துப்போவது, எண்ணி வாங்குவது எல்லாம் அவர் வேலை. வருகிற சின்ன வாடகையில் பாதி அவருக்கு.

ஐம்பது ஐம்பதாகச் சாக்கில் கட்டி, சாக்கின் மேல் எண் எழுதுங்கள். பாத்திரத்தில் பேர் வெட்டிவிடுங்கள். பழைய வழக்கம்தான், ஆனால் டம்ளர் வேறு வீட்டுக்கு நடந்துபோகாமல் தடுக்க இன்றும் அதைவிட நல்ல வழி இல்லை. யார் கழுவுவது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கழுவித் திருப்பித் தருவதானால் ஒரு கட்டணம், கழுவாமல் தருவதானால் கூடுதல். அந்தக் கூடுதல் தொகை கழுவுகிற ஆளுக்கு முழுசாகப் போக வேண்டும்.

பாத்திரத்துக்கு முன்பணம் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் மாட்டார்கள். நீலகிரியில் 2022 மே மாதம், சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, மது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தரும் முறை வந்தது. அதற்கு முன்பு காட்டில் கிடந்த உடைந்த பாட்டில்கள் யானையின் காலைக் கிழித்துக்கொண்டிருந்தன. பத்து ரூபாய்க்காக மனிதர்கள் பாட்டிலைச் சுமந்துகொண்டு திரும்பிப் போகிறார்கள். முன்பணத்தின் பலம் தொகையில் இல்லை, திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியில் இருக்கிறது. அதனால் பாத்திரம் வந்த அன்றே பணத்தைத் திருப்பிவிடுங்கள். "நாளைக்கு ஜிபே பண்றேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

உரம் போட ஆரம்பித்தோம், நாறுகிறது. பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்.

ஈரம் அதிகம், காய்ந்தது குறைவு. பத்தில் ஒன்பது தடவை இதுதான். ஒரு பக்கெட் சமையலறைக் கழிவுக்கு ஒன்று முதல் இரண்டு பக்கெட் காய்ந்த சருகோ தென்னை நார்க் கழிவோ போட வேண்டும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் சரி, ஒழுகினால் சருகு சேர்த்துக் கிளறிவிடுங்கள். சாம்பார், மோர்சாதம், மீன் கழிவு ஆகியவற்றை முதல் மூன்று மாதம் வாங்காதீர்கள். கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே சருகை மூட்டை கட்டிக் காய்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் சருகு தேடினால் கிடைக்காது.

முதல் உரம் தயாரானதும் அதில் ஒரு பை, சண்டைக்கு வந்த அந்தப் பக்கத்து வீட்டாருக்கு. கூடவே ஒரு கறிவேப்பிலைக் கன்று கொடுத்தால் இன்னும் நல்லது.

எதிர்பார்ப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோ கழிவு போட்டால் இருபது கிலோ உரம் கிடைத்தாலே பெரிது. உரம் விற்று யாருக்கும் சம்பளம் தர முடியாது. இந்த வேலையில் மிச்சமாவது குப்பை வண்டியின் டீசல். அது உங்கள் கைக்கு வராது, மாநகராட்சிக்குப் போகும். "வருமானம் எங்கே" என்று கேட்கிற நன்கொடையாளரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உடனே டிரஸ்ட் பதிவு செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஒரு வருஷம் நடத்திப் பாருங்கள். அதுவரை இரண்டு பேர் பெயரில் ஒரு கூட்டு வங்கிக் கணக்கு, நோட்டில் வரவு செலவு, மாதா மாதம் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவது. தெரு அளவுக்கு இது போதும். உங்களில் பெரும்பாலோர் பெண்கள் என்றால், ஏற்கெனவே இருக்கும் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றின் வேலையாகவே இதை எடுத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். தருமபுரியில் 1989-இல் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டில் அந்தக் குழுக்களுக்கு வங்கிப் பழக்கமும் கணக்கு எழுதும் பழக்கமும் நன்றாக உண்டு.

பிறகு பதிவு செய்வதானால், 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து சங்கமாகலாம், அல்லது டிரஸ்ட் போடலாம். டிரஸ்ட் சீக்கிரம் முடியும். ஆனால் இது ஊர்ப் பொது வேலை என்பதால் தேர்தல் வைத்து ஆள் மாற்றக்கூடிய சங்கமே எனக்குப் பிடிக்கும். ஒரு குடும்பத்தின் கையில் ஊர்ச் சொத்து போய் நின்ற கதைகள் நிறையப் பார்த்தாயிற்று.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் பணம் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

அண்ணனிடம் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட் என்றால், அவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டார் என்றால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அந்தப் பதிவுக்கு மூன்று வருஷ அனுபவமும், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்த கணக்கும் கேட்பார்கள். டம்ளர் வாங்குகிற குழுவுக்கு அது எட்டாத உயரம். அண்ணன் ஊருக்கு வரும்போது நூறு டம்ளருக்குப் பேர் வெட்டும் வேலையை அவரிடம் கொடுங்கள்.

கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணம் கிடைக்குமா?

ஆரம்பக் கட்டத்தில் கிடைக்காது. கம்பெனிக்காக அந்த வேலையைச் செய்து தரும் அமைப்புக்கு வருமான வரிச் சட்டத்தின் 12ஏ, 80ஜி பதிவுகளும், 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்-1 படிவமும், பொதுவாக மூன்று வருஷ முன்னனுபவமும் வேண்டும். கிடைக்காமல் இருப்பதும் ஒரு வகையில் நல்லதுதான்.

ஒரு முறை எங்களுக்கு அப்படி ஓர் உதவி, வேறொரு அமைப்பு மூலமாகக் கிடைத்தது. பணமாக இல்லை, இயந்திரமாக. தென்னை மட்டையும் கிளையும் அரைத்துத் தூளாக்கும் பெரிய இயந்திரம். வந்து இறங்கிய அன்று மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். அதற்கு த்ரீ ஃபேஸ் மின்சாரம் வேண்டும் என்பது மறுநாள்தான் தெரிந்தது. நாங்கள் உரம் போட்ட இடத்தில் ஒரே ஒரு பல்ப் எரியும். தார்ப்பாய் போட்டு மூடி வைத்தோம். பிளேடைத் தீட்ட வெளியூருக்கு அனுப்ப வேண்டும் என்பது பிறகு தெரிந்தது. ஒன்றரை வருஷம் கழித்து ஒரு கயிறு திரிக்கும் பட்டறைக்குக் கொடுத்துவிட்டோம். அங்கே நன்றாக ஓடுகிறது. அதே பணத்தில் நான்கு டிரம்மும், உரம் கிளறும் ஒருவருக்கு ஒரு வருஷக் கூலியும் தந்திருக்கலாம். நாங்கள் கேட்டது அதுதான்.

நான் உதவி செய்ய விரும்புகிறவன். எப்படிக் கொடுப்பது?

கேட்டுவிட்டுக் கொடுங்கள். சின்னதாக, சீக்கிரமாகக் கொடுங்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு இருபது பக்க விண்ணப்பம் கேட்டால், நன்றாக எழுதத் தெரிந்தவருக்குத்தான் பணம் போகும், நன்றாக உரம் கிளறுபவருக்குப் போகாது. நேரில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கூலிக்குக் கொடுங்கள். எல்லோரும் பொருள் வாங்கித் தரத் தயார், ஏனென்றால் அதில் பெயர் எழுதலாம். வாடகை, கரண்ட் பில், ஆட்டோ, கழுவுகிறவர் சம்பளம் ஆகியவற்றுக்குத் தர ஆள் இல்லை. வேலை நிற்பது அங்கேதான். முடிந்தால் ஒரே தடவையாகத் தராமல் மாதம் ஆயிரமாக ஒரு வருஷத்துக்குத் தாருங்கள். பணம் இல்லையென்றால் அறை கொடுக்கலாம். ஆடிட்டராக இருந்தால் வருஷத்துக்கு ஒரு ஞாயிறு கணக்குப் பார்த்துத் தரலாம். வண்டி இருந்தால் பாத்திரச் சாக்கை ஏற்றி இறக்கலாம்.

இலவசமாகச் செய்வதா, காசு வாங்குவதா?

இரண்டுக்கும் நல்ல உதாரணம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனம், பக்கத்து மீனவ கிராமத்துப் பெண்களுக்குத் துண்டுத் துணியில் குட்டிப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. அதுதான் 'சுனாமிகா'. அந்தப் பொம்மையை விற்பதில்லை, பரிசாகத்தான் தருவார்கள். வாங்கியவர்கள் மனமுவந்து தந்த நன்கொடையில் வேலை ஓடியது. கேரளத்தில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்ளக் கிராமப் பஞ்சாயத்துகளில் மாதம் 50 ரூபாய் கட்டணம். "குப்பையைக் கொடுக்க நான் ஏன் காசு தரணும்" என்று சண்டை போட்டவர்கள் அங்கேயும் உண்டு.

என் கருத்து, ஒருவருடைய உழைப்பு திரும்பத் திரும்பத் தேவைப்படுகிற வேலைக்குக் காசு வாங்குங்கள். எப்போதாவது நடப்பதற்கு உண்டியல் போதும்.

மாநகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

தனியார் இடத்துக்குள் முகாம் நடத்த அனுமதி தேவையில்லை. பூங்கா, சாலையோரம், பள்ளி என்றால் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் வார்டின் சுகாதார ஆய்வாளரிடமும் தூய்மைப் பணியாளர்களிடமும் முதலிலேயே போய்ச் சொல்லிவிடுங்கள். பின்னால் பல தலைவலி மிச்சம்.

எதை எழுதி வைப்பது?

வந்தது, போனது, தேதி. உரத்துக்கு ஒரு தராசு வாங்கி, வரும் பக்கெட்டை நிறுத்து எழுதுங்கள். முகாமில் என்ன பொருள் வந்தது, என்ன பழுது, சரியானதா இல்லையா. சரியாகாததை விடாமல் எழுதுங்கள். எங்கள் நோட்டில் ஒரே மாதிரி கெட்டில் பதினோரு முறை "திறக்க முடியவில்லை" என்று இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இப்போது என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்கிறோம்.

நடுவில் நின்றுபோனால்?

போகட்டும். ஆனால் சாவி யாரிடம், டம்ளர் எங்கே, மிச்சப் பணம் எவ்வளவு என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டு நிறுத்துங்கள். இரண்டு வருஷம் கழித்து வேறு யாராவது வந்து அந்தச் சாக்கை அவிழ்ப்பார்கள். எங்களுக்கு இருமுறை அப்படித்தான் பாத்திரம் கிடைத்தது.

உங்கள் முகாமுக்கு மிக்ஸி கொண்டுவரலாமா?

தாராளமாக. ஜாரையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், பாதி நேரம் கோளாறு ஜாரில்தான் இருக்கிறது. கழுவித் துடைத்துக் கொண்டுவந்தால் மெக்கானிக் சந்தோஷப்படுவார். கிளம்பும் முன் ஒரு தடவை கவிழ்த்து அந்தச் சிவப்புப் பட்டனை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.